எழுதியவளே பாடும் பாட்டு

மதியச் சாப்பாட்டு நேரம். பருத்தி வயலில் வேலை செய்துவிட்டு வந்த குடும்பம் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. ஊர்ப் பையன் ஒருவன் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்துச் செத்துப்போனான் என்று தாய் சொல்கிறாள். தகப்பன் அந்தப் பையனைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் தன் பக்கம் தரும்படி கேட்கிறார். தமையன் இன்னும் கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொள்கிறான். மகள் மட்டும் சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று தாய் கேட்கிறாள். கதையைப் பாடுபவள் அந்த மகள்தான். அவள் கடைசிவரை பதில் சொல்வதில்லை.

1967இல் வந்த 'ஓட் டு பில்லி ஜோ' என்ற பாட்டின் கதை இது. எழுதி, மெட்டமைத்து, கிற்றார் மீட்டிப் பாடியவர் பொபி ஜென்ட்றி, மிசிசிப்பி மாநிலத்துக் கிராமத்துப் பெண். அதே பெயரில் வந்த அவருடைய அல்பம் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' அல்பத்தை அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது.

சாவுச் செய்தியையும் சோற்றுக் கோப்பையையும் ஒரே மூச்சில் பேசிய வீடுகள் எங்களுக்குப் புதியவை அல்ல. 1983க்குப் பிந்திய கால் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் அப்படியொரு சாப்பாட்டு வேளையை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. வாய் திறக்காத மகள்களும் அந்த வீடுகளில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தன் சொல்லில், தன் மெட்டில், தன் குரலில் ஒரு முழு அல்பம் தந்து, அது எங்கள் வீடுகளில் ஒலித்ததா? இல்லை என்றால் ஏன் இல்லை? கொழும்பின் பாமன்கடையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை நெடுங்காலமாக மனதில் வைத்திருக்கிறேன். பதிலின் துண்டுகள் அட்டன், யாழ்ப்பாணம், சிவகங்கை, லண்டன், சூரிச் என்று சிதறிக் கிடக்கின்றன.

முதலில் ஜென்ட்றி பாடிய கன்ட்றி சோல் இசையைப் பற்றிச் சில வார்த்தைகள். கன்ட்றி என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழை வெள்ளையர் பாடிய கதைப்பாட்டு. சோல் என்பது கறுப்பின மக்களின் தேவாலயத்திலிருந்து தெருவுக்கு வந்த பாட்டு. ஒரே மண், ஒரே வறுமை, ஒரே வேதாகமம். ஆனால் கடைகளில் இசைத்தட்டுகள் நிற வாரியாகப் பிரித்து அடுக்கப்பட்டன. 1962இல் ரே சார்ள்ஸ் கன்ட்றிப் பாடல்களை எடுத்துத் தன் பாணியில் ஓர் அல்பம் முழுக்கப் பாடியபோது அந்தப் பிரிவினை வெளிப்படையாக உடைந்தது. அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் என்ற சிற்றூரில் றிக் ஹோல் நடத்திய ஃபேம் கலையகத்தில் வெள்ளை வாத்தியக்காரர்கள் கறுப்பினப் பாடகர்களுக்கு வாசித்தார்கள். 1967 ஜனவரியில் அரீதா ஃபிராங்க்ளின் அங்கே ஒரே ஒரு நாள்தான் இருந்தார். ஒலிப்பதிவு சண்டையில் முடிந்தது. ஆனால் அன்று பதிவான பாட்டுத்தான் அவரை உலகம் அறியச் செய்தது.

இரண்டும் கலந்த இந்த வகையில் பெண்களின் அல்பங்களைக் கேட்டுக்கொண்டு போகும்போது ஒரு வேறுபாடு உறைக்கிறது. 1969இல் வந்த 'டஸ்ரி இன் மெம்ஃபிஸ்' மிகப் புகழ்பெற்றது. நான் மீண்டும் மீண்டும் கேட்பது. ஆனால் டஸ்ரி ஸ்பிறிங்ஃபீல்ட் பாடியவை பிறர் எழுதிய பாடல்கள். குரல் அவருடையது, கதை அவருடையதல்ல. லின்டா மார்டெல் கிராண்ட் ஓல் ஓப்றி மேடையில் தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண். 1970இல் 'கலர் மீ கன்ட்றி' என்ற ஒரே அல்பத்தைத் தந்தார். அதை வெளியிட்ட கம்பனியின் பெயர் 'பிளான்டேஷன்'. அடிமைத் தோட்டங்களை நினைவூட்டிய அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு தொழில் அடைபட்டு அரை நூற்றாண்டு மறக்கப்பட்டார். 2024இல் பியொன்சே தன் 'கவ்போய் கார்ட்டர்' அல்பத்தில் அவருடைய பேச்சைச் சேர்த்த பிறகுதான் புதிய தலைமுறை அந்தப் பெயரைக் கேட்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியிலிருந்து வந்த யோலா 2019இல் 'வோக் த்றூ ஃபயர்' அல்பத்தை நாஷ்விலில் பதிவு செய்தார். அதன் பாடல்களை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அமெரிக்கத் தென்மாநிலத்தில் பிறக்காத ஒரு பெண் இந்தப் பாட்டைச் சொந்தமாக்க முடியும் என்றால், பேனாவும் குரலும் ஒருத்தியிடம் சேர்வதுதான் அதன் உயிர் என்று எனக்குப் படுகிறது.

கொழும்புக்கு இந்த இசை வானொலி வழியே வந்தது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. ஆங்கிலச் சேவையில் ஜிம் றீவ்ஸின் குரல் அடிக்கடி ஒலித்தது. 1964இல் விமான விபத்தில் அவர் இறந்து அறுபது வருடங்கள் கடந்தும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நத்தார்க் காலத்தில் அந்தக் குரல் கேட்கிறது. பறங்கியர், சிங்களவர், தமிழ்க் கிறிஸ்தவர் எல்லோர் வீட்டிலும் ஒரே பாட்டு. ஆனால் எங்களிடம் வந்து சேர்ந்தது கன்ட்றியின் ஒரு பக்கம்தான்: ஆணின் மென்மையான, கவலையற்ற குரல். ஜென்ட்றியின் சாப்பாட்டு மேசை வந்து சேரவில்லை.

சரி, அது வந்துதான் ஆகவேண்டுமா? எங்களிடமே இருந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது உண்மை. ஒப்பாரியைக் கவனித்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், செத்தவரைப் பற்றிப் பாடுவது அதில் பாதிதான். மற்றப் பாதி பாடுகிறவளின் வரலாறு. வாழ்க்கைப்பட்டு வந்த வீடு, பார்க்க வராத சகோதரன், கிடைக்காத காணி, பெற்றெடுக்காத பிள்ளை எல்லாம் அங்கே வரும். ஊரார் நடுவில் ஒரு பெண் தன் கதையைத் தடையின்றிச் சொல்ல அனுமதிக்கப்பட்ட இடம் அது. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களின் கவிகளிலும் இதே துணிவு உண்டு. காதலையும் கோபத்தையும் தூது போல அனுப்பும் பாடல்கள் அவை. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் நிரையில் கங்காணியைத் திட்டிய பெண்கள் பாட்டிலேயே திட்டினார்கள். சி. வி. வேலுப்பிள்ளையும் எஸ். முத்துமீரானும் இவற்றைத் தேடித் தொகுத்தது பெரும் தொண்டு. ஆனால் நாட்டார் பாடல் தொகுப்பு என்ற முறையே பெரும்பாலும் தொகுத்தவர் பெயரை அட்டையில் வைத்துவிட்டுக் கட்டியவளின் பெயரை விட்டுவிடுகிறது. 'ஊர் பாடியது' என்று ஆகிவிடுகிறது. ஊர் எப்போதும் பாட்டுக் கட்டுவதில்லை. யாரோ ஒருத்தி கட்டுகிறாள்.

கொழும்பு அடுக்குமாடி வாழ்க்கையில் அந்த ஒருத்திக்கும் இடமில்லை. பொரளை மலர்ச்சாலைகளில் செத்தவீடு நடக்கும்போது வரிசையாகக் கதிரைகள், தேவாரம், இரங்கலுரை, குறித்த நேரத்தில் கனத்தை மயானம். ஒப்பாரி வைத்த தலைமுறைப் பெண்கள் அங்கே கைக்குட்டையோடு மௌனமாக இருக்கிறார்கள்.

பெயரோடு நிற்கும் ஒருத்தி இருக்கிறார், அவரிடம் வருகிறேன். மீனாட்சி அம்மாள். தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யரின் மனைவி. 'தேசபக்தன்' பத்திரிகையில் பெண்ணுரிமை பற்றி எழுதியவர். தொழிலாளர் கூட்டங்களில் தானே எழுதிய பாடல்களைத் தானே பாடினார். மக்கள் அறிந்த மெட்டுகளை எடுத்து, அவற்றில் தொழிலாளியின் நிலையைச் சொற்களாக ஏற்றினார். 1939இல் அரசாங்கத்தில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை வெளியேற்றும் முடிவு வந்து நாடே கொதித்த காலம் அது. 1940இல் அவருடைய பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக வந்தன.

இந்த நூலைப் பற்றி எங்கள் ஆய்வாளர்கள் பேசும்போது அரசியல் ஆவணம் என்கிறார்கள். பெண்ணிய வரலாற்றின் பக்கம் என்கிறார்கள். இரண்டும் சரி. இசை வரலாற்றில் அவரை வைத்துப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. லயத்து மனிதர்களின் வாழ்க்கையைப் பாட்டாக எழுதி, கூட்டத்தின் முன் நின்று பாடிய பெண், பொபி ஜென்ட்றி பிறப்பதற்கு முன்பே அதைச் செய்திருக்கிறார். அதிகம் எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளரிடம் பத்திரிகைக் கட்டுரை போய்ச்சேராது, தெரிந்த மெட்டில் வரும் பாட்டுப் போய்ச்சேரும் என்று அவர் கண்டிருந்தார். ஜென்ட்றியை உலகம் முழுக்கக் கேட்கலாம். மீனாட்சி அம்மாளைப் படிக்க மட்டுமே முடிகிறது.

வானொலி வந்தபின் ஏன் இன்னொரு மீனாட்சி அம்மாள் வரவில்லை? ஒலிபரப்பு, வேலையைப் பங்குபோட்டது. கவிஞர் எழுதுவார், இசையமைப்பாளர் மெட்டமைப்பார், பாடகி வந்து பாடிவிட்டுப் போவார். சினிமாவின் வழக்கமும் இதுவே. ஈழத்து மெல்லிசை என்று 1970களில் இலங்கை வானொலி வளர்த்தெடுத்த இயக்கம் அருமையான குரல்களைத் தந்தது. கலாவதி சின்னச்சாமியையும் முல்லைச் சகோதரிகளையும் அன்று வானொலி கேட்டவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அவர்கள் வாயில் வந்த சொற்களைப் பெரும்பாலும் ஆண்கள் எழுதினார்கள். அதே காலத்தில் ஆண்களுக்கு வேறு வழி திறந்தது. நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு வந்து தானே எழுதித் தானே பாடினார். எம். பி. பரமேஷும் அப்படியே. ஏ. ஈ. மனோகரன் பொப் பாட்டைத் தமிழ்நாடு வரை கொண்டுபோனார். பைலாவின் தாளத்தில் மாமியையும் மச்சாளையும் விளித்துப் பாடிய அந்தப் பாட்டுகளை நானும் விரும்பிக் கேட்கிறேன். அவற்றில் பெண் விளிக்கப்படுகிறாள். அவள் திருப்பிச் சொன்ன பாட்டு வரவில்லை.

இன்னொரு காரணம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையிலிருந்து காலி வீதி வரை, பின்னேரங்களில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் ஒரு மாடியில் சரளி வரிசை கேட்கும். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள், பியானோவுக்கு லண்டன் பரீட்சைகள், இடையில் பரதநாட்டிய அரங்கேற்றம். எங்கள் பிள்ளைகள் கற்கும் இசை சாதாரணமானதல்ல. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கல்யாணியை விரிவாக ஆலாபனை செய்வாள். கற்பனாஸ்வரம் பாடுவாள். ஆனால் அன்று காலை பஸ்ஸில் நடந்ததை நாலு வரியாக எழுதி அதே கல்யாணியில் பாடு என்று அவளிடம் கேட்பவர் யார்? ராகத்தில் சுதந்திரம் உண்டு, சொல்லில் இல்லை. சாகித்தியம் என்பது முன்னோர் எழுதி முடித்துவிட்ட ஒன்று என்று அவள் பழகிவிடுகிறாள். இசை கற்பிக்கும் ஆசிரியைகளைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் பலர் போரில் எல்லாவற்றையும் இழந்து வந்து இந்த ஒரு கலையால் குடும்பத்தைத் தாங்கியவர்கள். ஆனால் ஒரு தலைமுறைப் பெண்களுக்குக் குரல் பயிற்சி கிடைத்து, பேனாப் பயிற்சி கிடைக்காமல் போனது.

பேனா வேறெங்கோ இருந்தது. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம், சித்திரலேகா மௌனகுருவைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு 'சொல்லாத சேதிகள்' நூலை வெளியிட்டது. அ. சங்கரி, ஊர்வசி, மைத்ரேயி, ஔவை, சிவரமணி முதலான பத்துப் பெண்களின் கவிதைகள். தமிழ்க் கவிதையின் பேச்சையே மாற்றிய சிறு புத்தகம். அதிலுள்ள கவிதைகளை வாய்விட்டுப் படித்தால் ஒன்று புரியும்: அலங்காரம் இல்லை, பேச்சு மொழிக்கு அருகில் நிற்கும் வாக்கியங்கள், வீட்டுக்குள் நடக்கும் காட்சிகள், சொல்லாமல் விட்ட இடங்கள். ஜென்ட்றியின் மேசைக்கு வேண்டியவை இவைதான். ஒரு கிற்றாரும் இரண்டு இராகங்களும் தெரிந்த தோழி ஒருத்தி அந்த வட்டத்தில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. காலம் அதற்கு இடம் வைக்கவில்லை. 1991இல் சிவரமணி தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு இன்னொரு பெண் கவிஞரான செல்வியை விடுதலைப் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. போராட்ட இயக்கங்களின் ஒலிப்பதிவுக் கூடங்களில் பெண்கள் நிறையப் பாடினார்கள். அங்கே தனியொருத்தியின் கதைக்கு வேலை இல்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கதை சற்று வேறு. கொல்லங்குடி கருப்பாயி சிவகங்கைப் பக்கத்து வயல்வேலைப் பெண். நடவின்போது பாடிப் பழகிய பாட்டோடு வானொலிக்குப் போனவர். நின்ற இடத்திலேயே சொல் கட்டிப் பாடக்கூடியவராக இருந்தார். 1985இல் 'ஆண் பாவம்' படத்தில் அவர் தோன்றியபோது பாட்டி வேடம் என்று ரசித்தார்கள். பாட்டுக் கட்டுபவர் என்று கொண்டாடி அவர் பெயரில் ஒரு முழு அல்பம் போட யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தபோது ஒப்பாரியின் இழை உலகெங்கும் கேட்டது. அந்தப் பாட்டை எழுதிய அறிவு அதற்கு ஆதாரமாகச் சொன்னது தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர் அவர். பாடகி தீயின் குரல் அந்தப் பாட்டில் பெரும் பலம். ஆயினும் பாட்டியின் கதை பேரனின் எழுத்தாகவே வந்தது. பெருமைப்படுகிறேன். வள்ளியம்மாளின் வயதில் இன்னும் மலையகத்தில் இருப்பவர்களை நினைத்துப் பதைக்கவும் செய்கிறேன்.

பேனாவும் குரலும் மீண்டும் சேர்ந்தது கடல் கடந்துதான். லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த சுசீலா ராமன், சிறுவயதில் கர்நாடக இசை கற்று, சிட்னியில் றொக் குழு நடத்தி, இந்தியா போய் மீண்டும் இசை படித்தார். 2001இல் 'சோல்ட் றெய்ன்' வந்தது. கணவர் சாம் மில்ஸின் கிற்றார், கமரூன்காரரின் பேஸ், தபேலா, அதன்மேல் தியாகராஜர் முதலியோரின் கீர்த்தனைகளும் அவரே எழுதிய ஆங்கிலப் பாடல்களும். பிரித்தானியாவின் மேர்க்குரிப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பரிசு பிஜே ஹார்விக்குப் போனது.

கன்ட்றி சோலுக்கு மிக அருகில் வந்த தமிழ்ப் பெண்ணின் அல்பம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வேகமின்மை, மரக்கிற்றார், மூச்சுக் கேட்கும் அளவுக்கு அருகில் வைத்த மைக், பக்தியும் ஏக்கமும் பிரிக்க முடியாத குரல். சபைக் கச்சேரி ரசிகர்கள் கீர்த்தனையைக் கெடுத்துவிட்டார் என்று சொல்லலாம். தேவாலயப் பாட்டைக் காதல் பாட்டாக்கினார் என்று ரே சார்ள்ஸையும் வைதார்கள். 2011இல் வந்த 'வேல்' அல்பத்துக்காக சுசீலா தமிழ்நாட்டில் கோவை கமலாவிடம் முருக பக்திப் பாடல்கள் கற்றார். அதில் குரல் கட்டவிழ்கிறது. கூத்துக் கொட்டகையின் உரப்பு வந்துவிடுகிறது. என் மனத்தாங்கல் ஒன்றுதான்: அவர் தன் கதையை எழுதும்போது ஆங்கிலத்தில் எழுதுகிறார், தமிழில் பாடும்போது கடவுளின் கதையைப் பாடுகிறார்.

மாயா, அதாவது மாதங்கி அருள்பிரகாசம், பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 'அருளர்' 2005, 'கலா' 2007. தகப்பன் பெயரும் தாய் பெயரும். எங்கள் பெண்ணொருத்தி தன் பாட்டைத் தானே எழுதி உலகத்தை நிமிர்ந்து பார்க்க வைத்தது அவரால்தான். இசை வேறு குடும்பம், ஆகவே இங்கே நிறுத்துகிறேன்.

பிரியா ரகு என் கேள்விக்கு இன்னும் கிட்ட நிற்கிறார். 1980களில் இலங்கையிலிருந்து தப்பிச் சுவிற்சர்லாந்து போன பெற்றோரின் மகள். புலம்பெயர்ந்தோர் கொண்டாட்டங்களில் குடும்பமே இசைக்குழுவாக நின்று சினிமாப் பாட்டுப் பாடியது. விமானத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே சகோதரரோடு சேர்ந்து சொந்தப் பாட்டு எழுதத் தொடங்கினார். அந்தச் சகோதரர் தனக்கு வைத்துக்கொண்ட இசைப்பெயர் 'ஜஃப்னா கோல்ட்'. 2021இல் 'டாம்ஷீஸ்டமில்' என்ற தொகுப்பு, 2023 ஒக்டோபரில் 'சந்தோஷம்' என்ற அல்பம். மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்ட் ஓட்டும் சிறுமி கமலியைப் பற்றி அவர் ஒரு பாட்டு எழுதினார். ஊர்ச் சிறுமியைப் பாட்டின் நாயகியாக வைத்தது ஜென்ட்றி செய்த வேலைதான். சோல் இசையின் ஓட்டத்துக்குள் கொன்னக்கோலும் சினிமாத் தாளமும் வந்து உட்காருகின்றன. ஒட்டுப்போட்டது தெரியவில்லை. ஏனென்றால் இரண்டும் அவர் வளர்ந்த ஒரே வீட்டுச் சத்தங்கள். தமிழ் வரிகள் வருகின்றன, போகின்றன. கதையின் பாரத்தைச் சுமப்பது ஆங்கிலம். சுவிற்சர்லாந்தின் சென்ற் காலனில் வளர்ந்த பெண்ணிடம் அதற்குமேல் கேட்க எனக்கு உரிமையில்லை.

கேட்கவேண்டியது இங்கே உள்ளவர்களிடம். ஒலிப்பதிவு செய்ய இன்று கலையகம்கூடத் தேவையில்லை. கையில் கணினியும் ஒரு நல்ல மைக்கும் போதும். உருத்திரா மாவத்தையில் உள்ள, 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் கவியரங்கு நடக்கிறது, இசை நிகழ்ச்சி நடக்கிறது. ஒரே மாலையில், ஒரே பெண் தான் எழுதியதைத் தானே பாடும் நிகழ்ச்சியும் நடக்கலாம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டக் கொட்டகைகளில் அந்தத் தாய்மார் கமராக்களின் முன் அழுதபடி சொன்ன சொற்களில் ஒப்பாரியின் சந்தம் அப்படியே இருந்தது. செய்தி நிறுவனங்கள் அதை அழுகை என்று வெட்டிப்போட்டன. பாட்டு என்று யாராவது உட்கார்ந்து பதிவு செய்திருக்க வேண்டும், சொன்னவளின் பெயரையும் சேர்த்து, அவள் சம்மதத்தோடு. பல தாய்மார் பிள்ளைகளைக் காணாமலே இறந்துவிட்டார்கள்.

இளையவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால் மீனாட்சி அம்மாளின் நூலைக் காட்டுவேன். பாட்டு அச்சில் இருக்கிறது. அந்தக் காலத்து மெட்டுகளைத் தேடி அடையாளம் காட்ட இசை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அட்டனிலோ நோர்வூட்டிலோ பாடத் தெரிந்த ஒரு பெண், ஒரு கிற்றார், வேண்டுமானால் ஒரு தப்பு மேளம். அரைப் பங்கு மீனாட்சி அம்மாளுடைய பாட்டுகள், மிச்ச அரைப் பங்கு பாடுகிற பெண் தானே எழுதியவை: கொழுந்து நிறுக்கும் தராசைப் பற்றி, கொழும்பில் வீட்டு வேலைக்கு வந்த நாளைப் பற்றி, சவூதியிலிருந்து வராத அக்காவைப் பற்றி. அல்பத்தின் உறையில் இரண்டு பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும்.